கட்டைவிரல் அடிமூட்டு விலகினால்: முதல் நிமிடம் முதல் மூன்றாம் மாதம் வரை

பைக் சறுக்கி விழுந்தவர் எழுந்ததும் முதலில் பார்ப்பது முழங்காலை. அடுத்து வண்டியின் கண்ணாடியை. கட்டைவிரலின் நினைவு இரவில்தான் வருகிறது, வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் நிற்கும்போது. "சுளுக்குத்தான், இரண்டு நாளில் போய்விடும்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் நல்லெண்ணெயைச் சுடவைத்து உருவிவிடுவார். இரண்டு நாள் இரண்டு வாரமாகும். வீக்கம் வடிந்த பிறகு, கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு மேடு மட்டும் மிஞ்சும். அந்த மேடு வீக்கத்தின் மிச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது விலகி நிற்கும் எலும்பாக இருக்கலாம்.

இந்த மூட்டைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விலகியதை உள்ளே தள்ளுவது சில நொடி வேலை. பல நேரங்களில் தானாகவே கூட உள்ளே போய்விடும். அதை உள்ளேயே நிற்க வைப்பதுதான் வைத்தியம், அதற்கு ஆறு வாரம் பிடிக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே கவலையைச் சுற்றித்தான் வருகிறது.

எந்த மூட்டு?

கட்டைவிரலில் இரண்டு கணுக்கள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன; மூன்றாவது சதைக்குள் ஒளிந்திருக்கிறது. அடிபடாத கையில் தேடிப் பாருங்கள். நகத்தை ஒட்டி மடங்குவது நுனிமூட்டு. உள்ளங்கையிலிருந்து விரல் பிரியும் இடத்தில் முண்டாக நிற்பது நடுமூட்டு. அங்கிருந்து மறுகையின் ஆள்காட்டி விரலை எலும்பின் மேலேயே வைத்து மணிக்கட்டை நோக்கி நகர்த்துங்கள். மணிக்கட்டை எட்டுவதற்குச் சற்று முன்னால் எலும்பு முடிந்து ஒரு பள்ளம் தட்டுப்படும். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கட்டைவிரலைச் சுழற்றினால் அடியில் அசைவு தெரியும். அதுதான் அடிமூட்டு.

நடுமூட்டும் விலகும். மக்கள் இரண்டையும் "கட்டைவிரல் அடி" என்றே சொல்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு, ஆபத்தும் வேறு. நடுமூட்டைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

அடிமூட்டில் சேர்வது இரண்டு எலும்புகள். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்றான டிரபீசியம், அதன்மேல் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு. குதிரைமேல் போட்ட சேணத்தில் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்தாற்போல இவை உட்கார்ந்திருக்கின்றன. சேணமூட்டு என்று பெயர் வந்தது இதனால்தான். கட்டைவிரல் முன்னே போவதும், விரிவதும், சுழன்று சுண்டுவிரலைத் தொடுவதும் இந்த அமைப்பின் புண்ணியம். விலை என்னவென்றால், எலும்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதில்லை. இடுப்பு மூட்டைப் போல இங்கே ஆழமான குழி கிடையாது. மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள இணைப்பு நார்கள்தாம்.

உள்ளங்கைப் பக்கத்தில் இருக்கும் நார்தான் முக்கியமானது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இறந்தவர்களின் கைகளில் நார்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தபோது, மூட்டு பின்பக்கமாக நழுவாமல் தடுப்பதில் முதலிடம் புறங்கைப் பக்க நாருக்கே என்று தெரிந்தது. மூட்டு பெரும்பாலும் நழுவுவதும் அந்தப் பக்கமாகத்தான்.

இந்த மூட்டின்மீது விழும் பாரம் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். 1977இல் கணக்கிட்டார்கள்: விரல் நுனிகளால் ஒரு கிலோ விசையில் ஒன்றைக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விழுகிறது, இறுக்கிப் பிடிக்கும்போது 120 கிலோ வரை போகும். சாவியைத் திருப்புவது போன்ற சிறு வேலையில்கூட வலி உயிரை எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

எப்படி விலகுகிறது?

கட்டைவிரல் சற்று மடங்கியிருக்கும்போது அதன் நீளவாக்கில் ஓர் இடி விழ வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே மோதுவது, கையை ஊன்றி விழுவது, கிரிக்கெட் பந்தோ கபடி ஆட்டத்தில் எதிராளியின் உடலோ விரலின் நுனியில் மோதுவது என்று பல வழிகள். எலும்பு சிறிதும் முறியாமல் மூட்டு மட்டும் முழுதாக விலகுவது அரிது. கைக் காயங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதிகம் வருவது எலும்பு முறிவோடு சேர்ந்த விலகல். அங்கே நார் அறுவதற்குப் பதிலாக, நார் பற்றியிருக்கும் எலும்புத் துண்டு பிய்ந்துவிடுகிறது. துண்டு தன் இடத்திலேயே நிற்க, மீதி எலும்பு வெளியே நழுவிவிடும். டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எட்வர்ட் ஹலரன் பென்னட் இதை 1882இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல் என்பதை நினைத்தால் அந்தக் கூர்மை வியப்பாக இருக்கிறது. இன்றும் இதற்குப் பென்னட் முறிவு என்றே பெயர். மூட்டுப் பரப்பு பல துண்டுகளாக உடைந்தால் ரொலாண்டோ முறிவு என்பார்கள். இத்தாலியரான சில்வியோ ரொலாண்டோ 1910இல் எழுதியது.

முதல் ஒரு மணி நேரம்

இழுக்காதீர்கள். யாரையும் இழுக்க விடாதீர்கள். அங்கே முறிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

முதல் வேலை, மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு எல்லாவற்றையும் கழற்றுவது. வீங்கத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும். கோயில் கயிற்றை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெட்டிவிடுங்கள், கை குணமானதும் வேறு கட்டிக்கொள்ளலாம்.

அடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். தோல் கிழிந்து எலும்போ மூட்டோ வெளியே தெரிகிறதா? கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா? விரலின் நுனியிலும் முதுகிலும் தொடுவது தெரிகிறதா? இவற்றில் எது சரியில்லையென்றாலும் அவசரம். நேராகப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ வைக்க வேண்டாம். தலையிலோ வயிற்றிலோ அடி பட்டிருந்தால் கையை மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

பிறகு கையைக் கிடைத்த நிலையிலேயே அசையாமல் வையுங்கள். ஒரு கைக்குட்டையைச் சுருட்டி உள்ளங்கையில் கொடுத்து, டம்ளரைப் பிடித்தாற்போல விரல்களை அதன்மேல் விடுங்கள். மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ முன்கையிலிருந்து கட்டைவிரல் நுனி வரை பக்கவாட்டில் வைத்துத் துண்டால் சுற்றுங்கள். இறுக்கம் வேண்டாம், சுற்றின் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். நகங்கள் வெளியே தெரியட்டும். கையை நெஞ்சு உயரத்தில் தூளி கட்டித் தொங்கவிடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், வெறும் தோலில் வைக்கக் கூடாது. வலிக்கு, வழக்கமாக ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் பரோட்டாக் கடையில் நிறுத்தாதீர்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உருவிவிடுவதும் கட்டுப் போடுவதும்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் ஊர்களில் எலும்பு வைத்தியர்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. புத்தூர்க் கட்டுக்காக எல்லை தாண்டிப் போகிறவர்களும், குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை நம்பிப் போகிறவர்களும் முட்டாள்கள் அல்லர். முன்கை எலும்பின் எளிய முறிவில் நல்ல கைப்பழக்கம் உள்ளவரின் கட்டு வேலை செய்வதை மறுக்க முடியாது. ஆனால் அடிமூட்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மூங்கில் சிம்பு வைத்த கட்டால் ஒரு நீண்ட எலும்பை நேராக வைக்க முடியும். ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சேணத்தின்மேல் சேணத்தை உட்காரவைத்து, அதை நழுவாமல் பிடிக்க முடியாது. அடிபட்ட நாளிலேயே எண்ணெய் தேய்த்து உருவுவதும் அப்படித்தான்: பாதி அறுந்த நார் முழுதாக அறுவதற்கு வாய்ப்புக் கொடுக்கிறோம். எந்தக் கட்டுப் போடுவதானாலும் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். கட்டிய பிறகு விரல் மரத்தாலோ, கறுத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, யார் போட்ட கட்டானாலும் அந்த நிமிடமே பிரித்துவிட வேண்டும்.

எக்ஸ்ரே அறையில்

கையைத் தட்டையாக வைத்து எடுக்கும் சாதாரணப் படத்தில் இந்த மூட்டு சரியாகத் தெரியாது, ஏனென்றால் கட்டைவிரல் மற்ற விரல்களின் தளத்தில் இல்லை. கையை முழுதாக உட்புறம் திருகி, கட்டைவிரலின் முதுகு தகட்டில் படும்படி வைத்து எடுப்பதற்கு ராபர்ட் கோணம் என்று பெயர்; 1936 முதல் வழக்கத்தில் இருக்கிறது. இதோடு சரியான பக்கவாட்டுப் படமும் வேண்டும். சீட்டில் "கை" என்று மட்டும் எழுதியிருந்தால், "கட்டைவிரல் அடிமூட்டுக்குத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

படத்தில் எல்லாம் சரியாக இருந்தும் வலியும் மேடும் இருந்தால், மூட்டு விலகித் தானாகவே திரும்பியிருக்கலாம். அப்போது இரு கட்டைவிரல்களின் பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லி ஒரு படம் எடுப்பார்கள். தளர்ந்த பக்கம் நழுவி வெளியே வருவது அதில் பிடிபடும். நல்ல கையோடு ஒப்பிடவும் முடிகிறது. சிறு துண்டுகள் சந்தேகமாக இருந்தால் சி.டி. ஸ்கேன். கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் தெரியும் குழியில் அழுத்தி வலிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதே இடியில் மணிக்கட்டின் ஸ்கஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம்.

மூட்டைச் சேர்ப்பது

இது மருத்துவர் செய்வது. வீட்டில் செய்து பார்ப்பதற்காக இதை விவரிக்கவில்லை. மேசையில் படுத்திருக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பதற்காகத்தான்.

முதலில் மரத்துப் போகச் செய்ய வேண்டும். மூட்டுக்குள்ளேயோ மணிக்கட்டு நரம்புகளைச் சுற்றியோ லிக்னோகைன் ஊசி போடுவார்கள். தேவையானால் லேசான மயக்கமும் தருவார்கள். தசை இறுகியிருந்தால் மூட்டு வழிவிடாது. உதவியாளர் முன்கையைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் கட்டைவிரலை நீளவாக்கில் மெதுவாக, விடாமல் இழுப்பார். இழுப்பைத் தளர்த்தாமலே விரலை உள்ளங்கையிலிருந்து விலக்கி விரித்து, சற்றே உட்புறமாகத் திருப்பி, தன் கட்டைவிரலால் அந்த மேட்டை அழுத்துவார். "டக்" என்று ஓர் அதிர்வு. மேடு காணாமல் போகும்.

பல இடங்களில் இத்தோடு மகிழ்ச்சியாகக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான பரிசோதனை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. பிடியை விட்டதும் மூட்டு உள்ளேயே நிற்கிறதா? சி-ஆர்ம் என்னும் நேரடி எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்தபடி விரலை மெல்ல அசைத்தால் நழுவுகிறதா? பின்னே நழுவச் செய்வதற்கு இரண்டு சக்திகள் காத்திருக்கின்றன. முன்கையிலிருந்து வரும் ஒரு நீண்ட தசைநாண் எலும்பின் அடியைப் பற்றி முழங்கைப் பக்கமாக இழுக்கிறது. உள்ளங்கைத் தசை ஒன்று அதே எலும்பின் மறுமுனையை உள்ளே இழுக்கிறது. நெம்புகோல் போல, நுனி உள்ளே போகப் போக அடி வெளியே வருகிறது. நார் அறுந்திருக்கும்போது இந்த இழுபறியைத் தடுப்பார் யாருமில்லை.

கட்டா, கம்பியா, அறுவையா?

பிடியை விட்டும் மூட்டு அசையாமல் நின்றால், முன்கை பாதியிலிருந்து கட்டைவிரலின் நுனிமூட்டுக்குச் சற்று முன்வரை மாவுக்கட்டு. அடிமூட்டின் மேல் கையால் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். உருளையாகச் சுற்றிய கட்டு உள்ளே மூட்டை நழுவவிட்டு வெளியே அழகாக இருக்கும்.

நிற்கவில்லை என்றால் கிர்ஷ்னர் கம்பி. ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்தியது. இன்று "கே கம்பி" என்று எல்லா அறுவை அரங்கிலும் வழங்குகிறது. ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைத் தோல் வழியாகவே எலும்புக்குள் செலுத்தி, மூட்டைக் குறுக்காகக் கடந்து டிரபீசியத்திலோ பக்கத்து உள்ளங்கை எலும்பிலோ நிறுத்துவார்கள். பெரிய வெட்டு இல்லை. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் புறநோயாளிப் பிரிவிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். பயப்படும் அளவுக்கு வலிக்காது. பென்னட் முறிவில் துண்டு பெரியதாக இருந்தால் திறந்து திருகு போடுவதும் உண்டு. மூட்டுப் பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருந்தால் சும்மா விடத் தயங்குவார்கள். எதிர்காலத் தேய்மானம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முறிவே இல்லாத, நார் முழுதும் அறுந்த விலகலில்தான் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு. கம்பி போட்டுக் காத்திருந்தால் நார் தானாக ஒட்டும் என்பது ஒரு கட்சி. தொடக்கத்திலேயே புது நார் அமைத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. 1973இல் அறுவை மருத்துவர்கள் ஈட்டனும் லிட்லரும் வெளியிட்ட முறையில், மணிக்கட்டை மடக்கும் தசைநாண் ஒன்றில் ஒரு கீற்றைப் பிரித்து, எலும்பின் அடியில் துளையிட்டுக் கோத்து நாராக்குகிறார்கள். 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், கம்பி மட்டும் போட்ட எட்டுப் பேரில் பாதிப் பேருக்குப் பின்னர் மறு சிகிச்சை தேவைப்பட்டது. தொடக்கத்திலேயே நார் அமைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். என் சார்பு இது: சேர்த்த பிறகு திரையில் உறுதியாக நிற்கும் மூட்டுக்குக் கட்டோ கம்பியோ போதும், கை விட்டதும் ஓடிவிடும் மூட்டுக்கு, அதிலும் கையால் பிழைக்கும் இளைஞருக்கு, நார் அமைப்பைப் பற்றிக் கை அறுவை மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். "சேர்த்த பிறகு நிலையாக நின்றதா?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நடுமூட்டு விலகினால்

அங்கே கட்டைவிரல் புறங்கைப் பக்கமாக நிமிர்ந்து, துப்பாக்கிக் குதிரை போல நிற்கும். பார்த்ததும் நேராக இழுக்கத் தோன்றும். அதுதான் செய்யக் கூடாதது. மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் தகடு போன்ற தடித்த நார் இருக்கிறது. நேராக இழுத்தால் அது எலும்புகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு, எளிதாகச் சேர்ந்திருக்க வேண்டிய மூட்டு அறுவை மேசையில்தான் சேரும். தெரிந்தவர் மணிக்கட்டை மடக்கித் தசைநாணைத் தளர்த்தி, விரலெலும்பின் அடியைத் தள்ளியே உட்காரவைப்பார். உள்ளங்கைத் தோலில் குழி விழுந்திருந்தால் ஏற்கெனவே சிக்கிவிட்டது என்று பொருள். சேர்ந்த பிறகு, ஆள்காட்டி விரலை ஒட்டிய பக்கவாட்டு நாரையும் சோதிக்க வேண்டும். அது முழுதாக அறுந்து பக்கத்துத் தசையின் படலத்துக்கு வெளியே மடிந்துகொண்டால் தானாக ஒட்டவே ஒட்டாது. சுவீடனின் பெர்ட்டில் ஸ்டெனர் 1962இல் காட்டியது இது. குழந்தைகளில் விலகல் போலத் தெரிவது பலமுறை வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீளும் இடத்தின்) முறிவாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு வாரக் காவல்

கட்டுப் போட்ட பிறகு நடக்கும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள் என்று ஆறு வாரம் கழித்தே போவது. முதல் வாரத்தில் வீக்கம் வடியும்; கட்டு தளரும்; தளர்ந்த கட்டுக்குள் மூட்டு சத்தமில்லாமல் வெளியேறும். வலி குறைந்திருப்பதால் ஐயமே வராது. ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் ஓர் எக்ஸ்ரே, இரண்டாம் வார முடிவில் இன்னொன்று. சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். அப்போது பிடித்தால் மறுபடி சேர்த்துக் கம்பி போட்டுவிடலாம். ஆறாம் வாரத்தில் பிடித்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

முதல் மூன்று நாள் கை தலையணை மேல், நெஞ்சுக்கு மேலே. மற்ற நான்கு விரல்களையும் மணிக்கொரு முறை முழுதாக மடக்கி நீட்டுங்கள். முழங்கையும் தோளும் சும்மா தொங்கக் கூடாது. ஆறு வாரத்தில் தோள் இறுகிப்போனவர்கள் உண்டு. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை, மழைக்காலத்தில் வெளியே போகும்போதும். மாவுக்கட்டு நனைந்தால் இளகும், இளகினால் மாற்ற வேண்டும். அரித்தால் குச்சியோ ஊக்கோ விடாதீர்கள். உள்ளே கீறிப் புண்ணானால் வெளியே தெரியாது. கம்பி வெளியே நீட்டியிருந்தால் அதைச் சுற்றி ஈரம் தங்கக் கூடாது. சிவப்பு, சீழ், காய்ச்சல், திடீரென்று கம்பி ஆடுவது, கட்டைவிரல் முதுகில் புதிதாக மரத்தல் இவற்றில் எதற்கும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

வலது கை என்றால் சாப்பாடு பெரிய துன்பம். சோற்றைப் பிசைவது நான்கு விரலும் சேர்ந்து செய்யும் வேலை. வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல். கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் நுனியால் அதைச் செய்யப் பார்ப்பார்கள். கரண்டிக்கு மாறிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டி ஓட்டுவது அறவே கூடாது. வலது கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும், இடது கையில் கிளட்சும் இருக்கின்றன. ஒரு கையால் சமாளிக்கலாம் என்பவர்தான் இரண்டாம் முறை விழுகிறார்.

கட்டு பிரித்த பிறகு

கட்டு பிரித்த கை மெலிந்து, தோல் உரிந்து, விரல் மரக்கட்டை போல இருக்கும். பதறிப்போய் இழுத்து வளைக்காதீர்கள். இன்னும் நான்கைந்து வாரம், பயிற்சி நேரம் போக, கழற்றி மாட்டும் பட்டை அணிந்திருக்க வேண்டும்.

ஆறாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை சொந்த பலத்தில் அசைப்பது மட்டும். வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள், வட்டம் போடுங்கள், பெரிய டம்ளரைப் பிடிப்பது போல விரித்து ஐந்து நொடி நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளைக்கு நான்கைந்து வேளை. வலிக்கும் எல்லையைத் தொட்டுத் திரும்பலாம், தாண்டக் கூடாது. மறுகையால் பிடித்து இழுப்பதும், வேறு ஒருவர் அமுக்கி விடுவதும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

முன்னேற்றத்தை அளக்க பிரெஞ்சு மருத்துவர் கபாஞ்சி 1986இல் தந்த பத்து மதிப்பெண் அளவு மிக வசதியானது, செலவும் இல்லை. கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டால் 3, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 5, சுண்டுவிரல் நுனிக்கு 6. பிறகு சுண்டுவிரலின் மடிப்புகளில் ஒவ்வொன்றாக இறங்கி 7, 8, 9. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கைக் கோட்டைத் தொட்டால் 10. வாரம் ஒருமுறை காலண்டரில் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் எண் நகரவே இல்லை என்றால் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் அந்தக் காலண்டரையே காட்டுங்கள்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு பலம். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, பந்தை வாங்கிக் கட்டைவிரலால் நசுக்கத் தொடங்குவது. சாவி பிடிப்பது போலப் பக்கவாட்டில் அழுத்தும் தசைதான், முன்பு சொன்னேனே, நுனியை உள்ளே இழுத்து அடியை வெளியே தள்ளும் தசை. அதை முதலில் வளர்ப்பது திருடனிடம் சாவி கொடுப்பது. மூட்டைப் பிடித்து நிறுத்த உதவுவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை. அதற்கு, உள்ளங்கையை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலில் ரப்பர் வளையம் மாட்டி, அதை எதிர்த்துக் கட்டைவிரல் பக்கமாக விரலை நகர்த்துங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. அடுத்து, விரல்களையும் கட்டைவிரலையும் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டி டம்ளர் வடிவில் விரிப்பது. இவை வலியில்லாமல் வந்த பிறகு ஈர ஸ்பாஞ்சைப் பிழிவது, சப்பாத்தி மாவை லேசாக உருட்டுவது.

பூ கட்டுவது நல்ல பயிற்சி என்று சொல்வேன். மென்மையான பிடி, நிறைய அசைவு. துணி பிழிவது, குடம் தூக்குவது, தேங்காய் துருவுவது, பாட்டில் மூடி திருகுவது ஆகியவை மூன்று மாதத்துக்கு வேறு யாருடைய பொறுப்பாகவோ இருக்கட்டும். பேனா வழுக்கினால் அதன்மேல் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். பிடி தடிமனாக ஆக மூட்டின் மேல் பாரம் குறையும். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு ஆள்காட்டி விரலுக்கு மாறுங்கள்.

வேலைக்குத் திரும்புவது

மேசை வேலைக்குக் கட்டோடே ஓரிரு வாரத்தில் போய்விடலாம். தச்சு, கொத்து, பரோட்டா மாஸ்டர், மெக்கானிக் வேலைகளுக்கு மூன்று மாதத்துக்குக் குறைந்து போக வேண்டாம். நார் அமைத்தவர்கள் நான்கு மாதம் கூட ஆகலாம். கபடி, கிரிக்கெட் கீப்பிங் அதற்கும் பிறகு, பட்டையோடு.

இந்தியாவில் வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் முதல் நாள் சீட்டிலிருந்து எல்லா எக்ஸ்ரேயையும் பத்திரமாக வையுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று எழுதியிருந்தது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14தான். விலகலுக்கு அப்படியே இந்தக் கணக்கு வராது, மீதமுள்ள குறையை மருத்துவர் மதிப்பிட்டே சொல்வார். ஆனால் தொடக்க ஆவணம் இல்லாதவருக்கு மதிப்பிட ஒன்றும் இருக்காது.

மூன்று மாதம் கழித்தும் மூடி திருகும்போது அடியில் "சளக்" என்று நழுவும் உணர்வு இருந்தாலோ, மேடு மறுபடி தலைகாட்டினாலோ, பயிற்சியைக் கூட்டி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இரு கட்டைவிரல்களையும் அழுத்தி எடுக்கும் அந்த எக்ஸ்ரேயை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குருத்தெலும்பு நன்றாக இருக்கும்வரை நார் அமைக்கும் வழி திறந்திருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் மிஞ்சுவது மூட்டை அசையாமல் ஒட்டவைப்பது, அல்லது டிரபீசியத்தையே எடுத்துவிடுவது. பழைய படங்களை உறையோடு எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் படத்தையும் சேர்த்து.